சிராங்கூனில் சீரங்கம் இருக்கிறதா?

வணக்கம். உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் உள்ள சிராங்கூன் என்ற வட்டாரத்தின் பெயர் ஸ்ரீரங்கத்தின் திரிபு, அங்கேயே உள்ள கோலம் ஆயர் என்ற இடத்தின் பெயர் கண்ணன் வளர்ந்த ஆயர் குலத்தின் கோலம், சிங்கப்பூரே நரசிம்மர் பெயரால் அமைந்த ஊர் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் உங்களுக்கு வந்திருக்கிறது. அதைப் படித்துக் காட்டியபோது உங்கள் பாட்டி கைகூப்பிக் கண்கலங்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையா பொய்யா என்பதோடு உங்கள் கேள்வி நிற்கவில்லை. இந்தத் தீவின் பெயர்களுக்குள் நம் தெய்வங்களுக்கும் நம் சொற்களுக்கும் இடம் இருக்கிறதா, இருந்தால் பாட்டியிடம் எதைச் சொல்லலாம் என்பதையே கேட்கிறீர்கள். இடம் இருக்கிறது. ஆனால் அந்தச் செய்தி சுட்டும் மூன்று பெயர்களில் ஒன்றில்தான் தமிழ் இருக்கிறது. அதற்கும் செய்தி சொல்லும் காரணம் தவறு.

மொழியியல் படித்துவிட்டு மலாய்க்கும் தமிழுக்கும் இடையே மொழிபெயர்த்தே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். ஊர்ப்பெயர்களைக் குறிப்பேடுகளில் எழுதி வைக்கும் பழக்கம் அப்போது தொடங்கியது. மலாய் ஏடுகளை நேரடியாகப் படிப்பேன். பழைய ஜாவானிய, சீன ஆவணங்களுக்குப் பிறர் செய்த மொழிபெயர்ப்புகளையே நம்பியிருக்கிறேன்; கல்வெட்டு எழுத்துகளைப் படிக்கும் பயிற்சி எனக்கு இல்லை. ஒரு பெயரை எடுத்துக்கொண்டால், அது எழுத்தில் முதன்முதலாக எந்த வடிவத்தில் கிடைக்கிறது என்று பார்ப்பேன். அந்த நாளில் அங்கே யார் குடியிருந்தார்கள், அவர்கள் பேசிய மொழி என்ன என்று பார்ப்பேன். ஓர் ஒலி இன்னோர் ஒலியாக மாறியது என்றால், அதே மாற்றம் வேறு சொற்களிலும் நடந்திருக்க வேண்டும். கடைசியாக நிலத்தைப் பார்ப்பேன்: அங்கே ஆறு ஓடியதா, சேறு இருந்ததா, என்ன மரம் நின்றது. இன்றைய உச்சரிப்பு நம் காதில் எப்படி விழுகிறது என்பதற்கு இந்தச் சோதனையில் இடமே கிடையாது. வாட்ஸ்அப் செய்திகள் அதிலிருந்துதான் தொடங்குகின்றன.

சிராங்கூனைப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி நிலப்படங்களில் இந்தப் பெயர் ரங்குங், செராங்கோங் என்ற வடிவங்களில் கிடைக்கிறது. அது முதலில் ஆற்றின் பெயர். சாலைக்கும் வட்டாரத்துக்கும் பிறகு வந்தது. ஆற்றோரச் சதுப்பில் வாழ்ந்த ஒரு நீர்ப்பறவையை மலாய்க்காரர்கள் புரோங் ரங்கோங் என்று அழைத்தார்கள். கறுத்த முதுகு, வெள்ளை மார்பு, நீண்ட கூரிய அலகு என்று அதன் தோற்றம் பதிவாகியிருக்கிறது. பெயர் அந்தப் பறவையிலிருந்து வந்தது என்ற விளக்கத்தைத்தான் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். நானும் ஏற்கிறேன், ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன். பொருந்துகிறது என்று சொல்வேன். வன விலங்குகளை விரட்ட கோங் மணி அடித்துக்கொண்டு போனதால் வந்த பெயர் என்று இன்னொரு கதையும் உண்டு. அது பெயர் நிலைத்த பிறகு கட்டிய கதையாகவே எனக்குத் தோன்றுகிறது. ஸ்ரீரங்கத்துக்கோ வழி இல்லை. பழைய வடிவம் ஒன்றில் முதல் அசையே இல்லை, ஆகவே ‘ஸ்ரீ’ நிற்க இடமில்லை. மேலும், தமிழில் ‘அம்’ என்று முடியும் சொல் மலாய்க்குப் போகும்போது ‘அம்’ என்றே நிற்கும். ‘ஊங்’ ஆக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சீரங்கம் அங்கே போயிருந்தால் சீரங்கமாகவே கேட்டிருக்கும்.

‘அம்’ அப்படியே நிற்கும் என்பதற்குச் சான்று உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. காலாங் ஆற்றை ஒட்டியுள்ள கோலம் ஆயர் என்ற பெயரில் ஆயர் என்பதைக் கேட்டதும் முல்லை நிலமும் மாடுகளும் குழலூதும் கண்ணனும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் தெலுக் ஆயர், கிரேத்தா ஆயர், ஆயர் ராஜா என்று இந்தத் தீவில் வேறு ஆயர்களும் இருக்கிறார்கள். எல்லா இடத்திலும் அது தண்ணீரைக் குறிக்கும் மலாய்ச் சொல்தான். தெலுக் ஆயரில் தெலுக் என்பது வளைகுடா. கிரேத்தா ஆயர் என்றால் தண்ணீர் வண்டி, மாடு பூட்டி நீர் சுமந்த வண்டிகளால் வந்த பெயர். எனவே கோலம் ஆயரில் கண்ணனும் இல்லை, வாசலில் போடும் கோலமும் இல்லை. அப்படியானால் அந்தக் ‘கோலம்’ எது?

அது நம் குளம். நீர் தேங்கும் இடத்தைக் குறிக்க மலாய்மொழி தமிழிடமிருந்து வாங்கிக்கொண்ட சொல். குளம் எப்படிக் கோலம் ஆகும் என்று நீங்கள் கேட்பீர்கள். அடுத்த அசையில் அகரம் வந்தால் முதல் அசையின் உகரத்தைப் பேச்சுத் தமிழ் ஒகரமாக்கிவிடும். நம் வீடுகளில் குளத்தைக் கொளம் என்கிறோம், குடத்தைக் கொடம் என்கிறோம், ‘முதல்’ என்பதை மொதல் என்கிறோம். மலாய்க்காரர்கள் ஏட்டிலிருந்து படித்துச் சொல் வாங்கவில்லை. துறைமுகத்திலும் கடையிலும் நம் முன்னோர் பேசியதைக் காதால் கேட்டு வாங்கினார்கள். அதனால்தான் வணிக முதலீட்டைக் குறிக்கும் நம் ‘முதல்’ அவர்களிடம் மோடால் ஆயிற்று. இரண்டு சொற்களிலும் ஒரே மாற்றம். கோவில் அங்கே குயில் என்ற ஒலியில் வழங்குகிறது, கடை கெடாய், கப்பல் காப்பால். என் குறிப்பேடுகளில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான். தமிழ் அல்லாத பாதியான ஆயரைத் தமிழ் என்று கொண்டாடிவிட்டு, உண்மையிலேயே தமிழான பாதியை வாசற்கோலம் என்று தவறாகப் படிக்கிறோம். பொய்ப் பெருமை மெய்ப் பெருமையை மறைத்துவிடுகிறது என்பதால்தான் அந்தச் செய்தி என்னை வருத்தப்படுத்துகிறது.

சிங்கப்பூர் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டிய பெயர். சிம்மம், புரம் என்ற இரண்டு வடசொற்கள் இதில் இருப்பது உறுதி. சிங்கம் போன்ற ஒரு விலங்கைக் கண்டு சங் நீல உத்தமன் என்ற இளவரசன் ஊருக்கு இந்தப் பெயரை வைத்தான் என்பது மலாய் வரலாற்றுக் கதை. கதையாகவே அதை மதிக்கிறேன். அதற்கு முந்தைய பெயர் தெமாசெக். 1365இல் எழுதப்பட்ட ஜாவானியக் காவியமான நாகரகிருதாகமத்தில் அது துமாசிக் என்று வருகிறது. நீர்நிலையைக் குறிக்கும் தாசெக் என்ற மலாய்ச் சொல்லோடு அதை இணைக்கிறார்கள். அப்போதும் நிலத்தையும் நீரையும் பார்த்து வைத்த பெயர்தான் முதலில் வந்திருக்கிறது. சிங்கம் பிறகு வந்து அமர்ந்தது. சிங்கபுரம் என்பது அன்றைய உலகில் பல அரசர்கள் விரும்பி வைத்த பெயர். சம்பா நாட்டில், இன்றைய வியட்நாமில், ஒரு சிங்கபுரம் இருந்தது. கலிங்கத்திலும் ஒன்று இருந்தது. சிலப்பதிகாரத்தில் கோவலனின் முற்பிறப்புக் கதை நடப்பது அந்தச் சிங்கபுரத்தில்தான். சிங்கம் அரசனின் அடையாளம், புத்தரின் அடையாளம், இருக்கையின் பெயரே சிங்காசனம். ஊர்ப்பெயரில் சிங்கத்தைக் கண்டவுடன் நரசிம்மரைத் தேட வேண்டியதில்லை. செங்கல்பட்டுக்கு அருகே சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் தேடலாம். அங்கே பெயரிலேயே பெருமாள் இருக்கிறார், குன்றைக் குடைந்த கோவிலும் இருக்கிறது.

இங்கே ஒரு சந்தேகத்தையும் நேர்மையாக முன்வைக்க வேண்டும். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் எழுத்துகள் பொறித்த ஒரு பெரும் பாறை நின்றது. 1843இல் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். எஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதன் வாசகத்தை இதுவரை யாரும் உறுதியாகப் படித்துக் காட்டவில்லை. அண்மையில் ஓர் ஆய்வாளர் அதில் ‘கேசரிவ’ என்ற எழுத்துகள் தெரிவதாகவும், சோழ மன்னர்கள் சூடிய பரகேசரிவர்மன் என்ற பட்டத்தோடு அதை இணைக்கலாம் என்றும் கருத்துத் தெரிவித்தார். கேசரி என்றால் சிங்கம். படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் ஒரு துண்டுக் கல்லில் சில எழுத்துகளை வைத்து ஊருக்குப் பெயர் தந்தவர் சோழர் என்று முடிவு கட்டக் கூடாது. பாட்டியிடம் இதைச் சொன்னால் ‘இருக்கலாம்’ என்ற சொல்லையும் சேர்த்தே சொல்லுங்கள்.

தெய்வத்தின் பெயரால் ஊர் அமைகிறதா, ஊரின் பெயரைத் தெய்வம் ஏற்கிறதா என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. இரண்டும் நடக்கும். மும்பைக்குப் பெயர் தந்தவள் மும்பா தேவி, அங்குள்ள மீனவர்களின் தெய்வம், இதில் ஐயமில்லை. ஆனால் தமிழ்நாட்டு ஊர்களைப் பார்த்தால் எதிர்த்திசைதான் மிகுதி. அரங்கம் என்பதற்கு ஆற்றின் நடுவே எழுந்த திட்டு என்று ஒரு பொருள் உண்டு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் கிடக்கும் அந்த நிலத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் வேறில்லை. திட்டின் பெயரைக் கேட்டு இறைவன் அரங்கநாதன் ஆனான் என்றே நான் கருதுகிறேன். சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. அது உப்பங்கழியோரம் வளரும் மரம், பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும். அதே மரம் இங்கே சுங்கை பூலோ சதுப்பிலும் நிற்கிறது. மலாய்க்காரர்கள் அதை பூத்தா பூத்தா என்கிறார்கள், பூத்தா என்றால் குருடு. ஒரே மரம் ஒரு கரையில் நடராசரின் ஊருக்குப் பெயராயிற்று, இன்னொரு கரையில் எச்சரிக்கையாக நின்றுவிட்டது. திருமுதுகுன்றம் விருத்தாசலம் ஆனதும், திருமறைக்காடு வேதாரண்யம் ஆனதும் மொழிபெயர்ப்பு. பெயரை மொழிபெயர்த்த பிறகு அந்தப் புதிய பெயருக்கு ஏற்ற புராணம் வளரும். மைசூரை மகிஷாசுரனின் ஊர் என்கிறோம். மகிஷம் என்றால் எருமை. அகநானூற்றில் எருமையூரன் என்ற தலைவன் வருகிறான், அவன் ஊரை மைசூர்ப் பகுதி என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். அது சரியென்றால் அசுரன் வரும் முன்பே அங்கே எருமை மேய்ந்திருக்கிறது. நம் லிட்டில் இந்தியாவிலும் கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைக் கொட்டில், பஃபலோ ரோடு என்றால் எருமைச் சாலை. நல்லவேளை, அங்கே யாரும் அசுரனைத் தேடவில்லை.

சிங்கப்பூரில் தெய்வங்களே மரங்களிடம் பெயர் வாங்கியிருக்கிறார்கள். சிலோன் ரோட்டில் செண்பக மரத்தடியில் கிடைத்த பிள்ளையார் செண்பக விநாயகர். சிராங்கூன் சாலையில் ஆலமரத்தடியில் வைத்து வணங்கிய படத்திலிருந்து வளர்ந்தவள் வடபத்திர காளியம்மன். அந்தப் பெயரை வடபத்திரம் என்று பிரித்தால் ஆலிலை, வட பத்திரகாளி என்று பிரித்தால் வடதிசைக் காளி. கோவில் வரலாறு ஆலமரத்தைச் சொல்வதால் முதல் பிரிப்பை நான் ஏற்கிறேன்.

தெய்வத்தால் உறுதியாகப் பெயர் பெற்ற தெரு இங்கே வேண்டுமென்றால் பெருமாள் ரோட்டைக் காட்டுங்கள். பக்கத்தில் இருக்கும் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோவிலால் வந்த பெயர். பாட்டிக்கு இன்னும் மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று உண்டு. 1855இல் எழுந்த அந்தக் கோவில் தொடக்கத்தில் நரசிங்கப் பெருமாள் கோவிலாகவே இருந்தது. 1960களில்தான் சீனிவாசர் பெயருக்கு மாறியது. ஆக, நரசிம்மர் சிங்கப்பூருக்கு வந்தது உண்மை. ஊர் பெயர் பெற்றுப் பல நூற்றாண்டுகள் கழித்து, நம் மக்களோடு கப்பலேறி வந்தார். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோவிலின் கோபுரத்தைப் பார்த்துத்தான் ஐரோப்பியர்கள் பக்கத்துத் தெருவை பகோடா ஸ்திரீட் என்றார்கள். பகோடா என்ற சொல்லே போர்த்துகீசியர் வழியாகப் பரவியது. பகவதி என்ற தெய்வப் பெயரிலிருந்து அவர்கள் எடுத்தார்கள் என்பது ஒரு கருத்து, பாரசீகச் சொல் ஒன்றிலிருந்து வந்தது என்பது இன்னொரு கருத்து. எனக்குப் பகவதி பக்கம் சாய்வு அதிகம். சாய்வு என்றே அதைக் கொள்ளுங்கள், முடிவு என்று கொள்ள வேண்டாம்.

கடைசியாக, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். சிராங்கூன் சாலையின் தொடக்கப் பகுதிக்கு நம் மக்கள் வைத்த பெயர் சுண்ணாம்புக் கம்பம். அங்கே 19ஆம் நூற்றாண்டில் கட்டடங்களுக்கான சுண்ணாம்புக் காளவாய்கள் எரிந்தன. வீரமாகாளியம்மன் கோவிலையே சுண்ணாம்புக் கம்பத்துக் கோவில் என்றார்கள். கம்பம் என்றதும் தேனி மாவட்டத்துக் கம்பத்தை நினைக்க வேண்டாம். குடியிருப்பைக் குறிக்கும் கம்போங் என்ற மலாய்ச் சொல் நம் நாவில் கம்பம் ஆனது. அந்த வட்டாரத்தில் இன்றும் கம்போங் கப்பூர் ரோடு இருக்கிறது. மலாயில் கப்பூர் என்பதற்குச் சுண்ணாம்பு என்றும் பொருள், கற்பூரம் என்றும் பொருள். சுமத்ராவின் பாரூஸ் துறைமுகம் கற்பூரத்துக்குப் பேர் பெற்றது. அங்கே 1088இல் ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழுவினர் தமிழிலேயே கல்வெட்டு வைத்து அந்த ஊரை வாரோசு என்று குறித்திருக்கிறார்கள். எனவே கம்போங் கப்பூரைக் கற்பூரக் கம்பம் என்று சொல்ல யாருக்கும் ஆசை வரும், கோவிலுக்கும் பொருத்தமாக அமையும். ஆனால் சுண்ணாம்பா கற்பூரமா என்ற ஐயத்தைத் தீர்த்து வைப்பது நம் தாத்தா பாட்டிகள் பேசிய பெயர்தான். ஒரு மலாய்ப் பெயரின் பொருளுக்குத் தமிழ்ப் பெயர் சாட்சி சொல்கிறது. இந்தச் சாட்சி எந்தப் பலகையிலும் இல்லை, முதியவர்களின் பேச்சில் மட்டும் தேய்ந்துகொண்டிருக்கிறது. பேச்சுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு அதே வட்டாரத்தில் சந்தை இருக்கும் தேக்காவைப் பாருங்கள். சிறு மூங்கிலின் அடி என்று பொருள்படும், ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழிப் பெயர் அது, தேக்கு மரத்துக்கும் அதற்கும் உறவில்லை. 1980களில் புதிய சந்தைக் கட்டடத்துக்கு மாண்டரின் உச்சரிப்பில் பெயர் வைத்தார்கள். மக்கள் தேக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2000இல் பெயர்ப்பலகை மக்களிடம் திரும்பி வந்தது.

உங்கள் பாட்டி சிராங்கூன் சாலைக்கு அருகே பிறந்து வளர்ந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் சிராங்கூனில் சீரங்கம் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடாதீர்கள். கோலம் ஆயரில் அவர் சொல்லும் கொளம் இருக்கிறது என்று சொல்லுங்கள். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, சிறு வயதில் தண்ணீர் எடுத்த இடத்தையும் மாடு கட்டிய இடத்தையும் துணி வெளுத்த இடத்தையும் வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று கேளுங்கள். சுண்ணாம்புக் கம்பம் என்று அவர் சொன்னால், எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் முடிந்தது என்று கேட்டு, அவர் உச்சரித்தபடியே எழுதி இங்கே அனுப்புங்கள். என் குறிப்பேட்டில் அந்த எல்லைக்கான இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.